காதோரம் வளைத்த தாள்

அக்கா, உன்னைக் கூப்பிட்டால் "என்னாடா" என்று கேட்டுக்கொண்டே வெளியே வருவாய். இப்போதும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். லோடு ஆட்டோ ஓட்டும்போது கூப்பிடுகிறேன். பாலக்கரை டீக்கடையில் டீ ஆறுகிற வரைக்கும் கூப்பிடுகிறேன். ரேஷன் கார்டில் உனக்கு ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேர் என் வாயில் வந்ததே இல்லை. எனக்கு நீ அக்கா, அவ்வளவுதான். உன்னிடமே பேசலாமென்றால் இரண்டு வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவாய். அதனால் உன்னைத் தெரியாதவர்களிடம் சொல்கிறேன்.

எங்கள் அக்கா அச்சடித்த எதையும் வளைத்துத்தான் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால், யாருக்குக் கல்யாணம் என்று படிப்பதற்கு முன்னால் அதை வில் மாதிரி வளைத்துக் காதோரம் வைத்துக்கொள்வாள். பிஸ்கட் பாக்கெட், சாமி காலண்டர், மருந்துக்கடைக் கவர், எது கையில் கிடைத்தாலும் அப்படித்தான். மை விரிசல் விடும்போது ஒரு சத்தம் வருமாம்.

"கேக்குதாடா?"

"ஒண்ணும் கேக்கல."

"ஹாரன் அடிச்சி அடிச்சி ஒனக்குக் காது அவிஞ்சி போச்சி."

கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, காதில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நிற்பாள். பார்க்கிறவர்கள் யாருடனோ போன் பேசுகிறாள் என்று நினைப்பார்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைக்குள் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. டீ கப்பிலும் அகல் விளக்கிலும் பூ, சாமி, பொண்ணு மாப்பிள்ளை பேர் எல்லாம் இருக்கிறதே, அதைக் கப்பின் மேலேயே வரைவதில்லை. பசை பூசிய தாளில் பீங்கான் மையால் அச்சடித்து, அது காய்ந்ததும் மேலே வார்னிஷ் மாதிரி லாக்கர் பூசுவார்கள். அந்தத் தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டால் படம் மட்டும் மெல்லிசாகத் தோல் மாதிரி நழுவி வரும். அதைக் கப்பில் ஒட்டி, நீரை வழித்துவிட்டு, சூளையில் வைத்தால் லாக்கர் எரிந்துபோகும், மை மட்டும் பீங்கானோடு சேர்ந்துவிடும். மையும் லாக்கரும் கலக்குவது அக்காவின் வேலை. செய்த கப்பையெல்லாம் வைக்கோல் வைத்து அடுக்கி ஏற்றிப்போவது என் வேலை.

நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கு அந்தக் கெமிக்கல் எல்லாம் தெரியாது. அவள் சொல்லி என் தலையில் நின்றதைத்தான் சொல்கிறேன்.

மையும் லாக்கரும் அதுபாட்டுக்குக் காய்ந்தால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். தாள் தட்டை, கப்பு வளைவு. தட்டையில் பிறந்த படம் வளைவில் உட்கார வேண்டுமானால் அது வளைந்து கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு எண்ணெய் ஊற்றுவார்கள். டின்னில் பிளாஸ்டிசைசர் என்று போட்டிருக்கும். கம்பெனியில் எல்லோருக்கும் அது எண்ணெய்தான். குறைவாக ஊற்றினால் கப்பில் ஒட்டும்போதே படம் வெடிக்கும். அதிகமாக ஊற்றினால் காயவே காயாது, சித்திரை வெயிலில் அடுக்கி வைத்த தாளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தப்பித்த தாளைக் கப்பில் வைத்து வழித்தால் படம் இழுபட்டு, மாப்பிள்ளை மூஞ்சி பூசணிக்காய் ஆகிவிடும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதைவிட எதை ஊற்றுவது என்பதில்தான் அக்கா மண்டையை உடைத்துக்கொள்வாள். அச்சடிக்கிற செல்வியக்கா அவளுக்குக் கூட்டாளி. ஒருநாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"மொதல்ல லாக்கரோட ஒத்துப்போற எண்ணெயான்னு பாக்கணும்டி. அப்பறம் கூடவே இருக்கற எண்ணெயா, கொஞ்ச நாள்ல காத்தோட ஓடிப்போற எண்ணெயான்னு பாக்கணும். சூளைக்குள்ள போனா கரி வைக்காம, கொப்புளம் வைக்காம கமுக்கமா எரிஞ்சி போவணும்."

"நீ எண்ணெ பாக்கறியா, மாப்பிள்ள பாக்கறியா?"

"ரெண்டுக்கும் ஒரே கேள்விதான்டி. எரிஞ்சி போவுறது மட்டும் மாப்பிள்ளைக்கி வேணாம்."

புது எண்ணெய் வந்தால் உடனே டின் டின்னாகக் கலக்கமாட்டாள். ஒரு கொட்டாங்குச்சி அளவுக்குக் கலக்கி, சில தாள்களில் அடிக்கச் சொல்வாள். ஒரு தாளைத் தகரக் கூரையின் சூட்டில் செங்கல்லுக்குக் கீழே வைப்பாள், ஒட்டுகிறதா என்று பார்க்க. ஒன்றைக் கப்பில் ஒட்டிச் சூளைக்கு அனுப்புவாள். இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவாள்.

"சாமிக்குப் பின்னாடி என்னாடி குப்ப?" என்று அம்மா கத்துவாள்.

"அது எவ்ளோ நாளு தாங்குதுன்னு சாமி பாத்துக்குது மா."

வாரக்கணக்கில் அங்கே இருக்கும். பிறகு ஒருநாள் எடுப்பாள், வளைப்பாள், காதில் வைப்பாள். சத்தம் இல்லையென்றால் அன்றைக்கு வீட்டில் கேசரி.

அவள் பேச்சும் அந்த எண்ணெய் மாதிரிதான். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால் அவளால் பொறுக்க முடியாது, நடுவில் போய் ஊற்றிவிடுவாள். அம்மா என்னைத் திட்டியிருப்பாள், அக்கா என்னிடம் வந்து, "அம்மா ஒனக்காகக் கருவாட்டக் கொழம்புல தனியா எடுத்து வச்சிருக்குது" என்பாள். நான் கோபத்தில் சாப்பிடாமல் போயிருப்பேன், அவள் அம்மாவிடம், "வழியில சாப்ட்டானாம் மா, போன் பண்ணான்" என்பாள். இரண்டும் பொய். அம்மாவும் நானும் அந்தப் பொய்யில்தான் ஒற்றுமையாக இருந்தோம்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை காபி டம்ளரை வாங்கும்போது மூக்கைச் சுளித்து, "பொண்ணு கையில என்னாமோ நாத்தம் வருதே" என்றாள். எனக்கு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்துவிட்டு வெளியே போகச் சொல்லலாமா என்று இருந்தது. அக்கா சிரித்தாள்.

"மை கலக்கற தின்னர் வாசனைங்க. நீங்க பூண்டு உரிச்சா ஒங்க கையும் ரெண்டு நாளைக்கி நாறும்ல, அது மாதிரிதாங்க. தேங்காண்ண போட்டுக் கழுவுனா போயிடும். இந்தாங்க, இன்னொரு தட்டு கேசரி."

அந்த அத்தையே சிரித்துவிட்டாள். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பிறகு பதில் ஒன்றும் இல்லை. அம்மா கேட்டதற்கு, "நான்தான் வேணாம்னு தரகர்கிட்ட சொல்லிட்டேன், அவ்ளோ தூரம் யாரு போறது" என்றாள் அக்கா. ஸ்ரீமுஷ்ணம் என்ன தூரம்? டவுன் பஸ் போகிற தூரம். அவர்கள்தான் வேண்டாம் என்றார்களென்று பிற்பாடு தரகர் என்னிடம் சொன்னார். அம்மா இன்றைக்கும் மகள்தான் வேண்டாமென்றாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துக்காட்ட யாரும் போய்விடாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வளைந்து நான் பார்த்ததில்லை. வேப்பூர் ரோட்டில் முறுக்குக் கடை வைத்திருப்பவர் ஒருநாள் பிளாஸ்டிக் கவர் கட்டோடு வந்து, "மிச்சம் மீதி மை இருந்தா கடப் பேர அடிச்சிக் குடும்மா" என்று கேட்டார். முதலாளிக்கும் வேண்டியவர். யார் எது கேட்டாலும் தலையாட்டுகிற அக்கா, அன்றைக்கு ஆட்டவில்லை.

"இது கப்புக்குப் போடற மைண்ணே. சூளையில எண்ணெ எல்லாம் எரிஞ்சிடும், அதனால பாவம் இல்ல. ஒங்க கவர எந்தச் சூளையில வைப்பீங்க? எண்ணெ பிளாஸ்டிக்குல எறங்கி முறுக்குல ஏறிக்கும். சின்னப் புள்ளைங்க திங்கறது."

"யாரும்மா அதெல்லாம் பாக்கறா?"

"திங்கற சாமானுக்குன்னு தனி மை இருக்குதுண்ணே. கடலூர்ல கேளுங்க, இல்லன்னா நானே ஆளு சொல்றேன். இத மட்டும் குடுக்க மாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் டப்பாவை மூடி, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

தப்பே செய்யாதவள் என்று நினைக்காதீர்கள். ஐப்பசியில் முகூர்த்தம் நெருக்கிக்கொண்டு வந்தது. மழையில் எண்ணெய் டின் வருகிற லாரி எங்கேயோ நின்றுவிட்டது. கல்யாணக் கப்பு ஆர்டர் கையில். அக்கா நாட்டு மருந்துக் கடைக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கி வந்து ஊற்றிவிட்டாள். யாரோ எப்போதோ அப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டாளாம். அடித்த தாள் பட்டுத் துணி மாதிரி வளைந்தது. காதில் வைத்துக் கேட்டுவிட்டு ஆடாத குறை. முதலாளியே ஆளுக்கொரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் போனது. மீதி தாள் கட்டைப் பிரித்தால் ஒவ்வொரு தாளும் வேர்த்திருந்தது. நெற்றி வேர்வை மாதிரி முத்து முத்தாக எண்ணெய் வெளியே வந்து நின்றது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் கல்லில் ஒட்டிய தோசை மாதிரி மற்றதும் பிய்ந்து வந்தது. சூளைக்குப் போன கப்புகளிலும் பொண்ணு பேரில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள்.

"வெளக்கெண்ணயா ஊத்துன? இது என்னா புள்ள பெத்த வூடா?" என்று முதலாளி குதித்தார்.

அக்கா எல்லாவற்றையும் மறுபடி கலக்கி, செல்வியக்காவோடு நின்று மறுபடி அடித்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வரும்போது என் ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: "அது லாக்கரோட சேரவே இல்லடா. சேர்ந்த மாதிரி இருந்துது. உள்ள புடிக்காம இருந்துகிட்டு வெளிய நல்லா வளைஞ்சி குடுத்துது. எத்தினி நாளைக்கி இருக்கும், சொல்லு?" அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

அந்தப் பேச்சைத்தான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

அவளுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. ஒருநாள் இரண்டு நாள் இல்லை. லாக்கர் டின்னைத் தூக்கிவிட்டு இடது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். செல்வியக்கா கேட்டால், "கேஸுடி, காலையில மொச்ச தின்னேன்." அம்மா கேட்டால், "தூக்கம் இல்ல மா, அதான் மூஞ்சி இப்பிடி இருக்குது." என்னிடம் ஒரு சோடா வாங்கிவரச் சொல்வாள். குடித்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டு, "பாத்தியா, போயிடிச்சி" என்பாள். எங்கள் யாருக்கும் சங்கடம் வரக்கூடாதென்று அந்த வலிக்கு மேலேயும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் காலையில் நான் கப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். செல்வியக்கா கத்துகிற சத்தம் கேட்டு ஓடினேன். தாள் ஊறப்போடுகிற தொட்டிக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள், புடவையெல்லாம் வேர்வை. தூக்கி ஆட்டோவில் முன்னால் உட்கார வைத்து, செல்வியக்காவைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கிளப்பினேன். பின்னால் ஏற்றியிருந்த கப்பை இறக்கவில்லை. பள்ளம் மேடு பார்க்காமல் ஆசுபத்திரிக்கு ஓட்டினேன். பின்னால் கப்பெல்லாம் கலகலவென்று ஆடின. அக்கா என் முழங்கை மேல் கையை வைத்தாள்.

"மெதுவா போடா. கப்பு ஒடஞ்சிடும்."

அதுதான் அவள் கடைசியாகப் பேசினது. ஆசுபத்திரி கேட்டுக்குள் நுழையும்போது கை என் முழங்கையிலிருந்து நழுவியது. ஒரு கப்பு கூட உடையவில்லை. நான் அப்புறம் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

அம்மா சாப்பிடுவதை விட்டுவிட்டாள். சொந்தக்காரர்கள் காரியத்தன்று படம் வைத்துக் கும்பிட வேண்டும், போட்டோவைப் பெரிசு பண்ணி மாலை போடணும் என்றார்கள். அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"எம்பொண்ணுக்கு மால போடாதீங்க. அவ அப்பா படத்தத் தொடைக்கறப்ப அவளே சொன்னா, என்னய இந்த மாதிரி செவுத்துல மாட்டாதீங்க, கப்புல போடுங்க, காலையில டீ குடிக்கயில ஒங்ககூட இருப்பேன்னு. வாய கழுவுடின்னு அப்ப அடிச்சேன். கப்புல போடுங்க. அதுல குடுத்தா குடிக்கறேன்."

அம்மா ஏதாவது குடிக்க வேண்டுமென்றால் அந்தக் கப்பு வேண்டும். நான் செல்வியக்காவிடம் போனேன்.

போட்டோ எடுக்கவே அக்கா விடமாட்டாள், "மூக்கு பெருசாத் தெரியுது" என்று கையால் மறைத்துக்கொள்வாள். செல்வியக்காவின் போனில் ஒன்று இருந்தது, அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, காதோரம் ஒரு தாளை வளைத்துக்கொண்டு நிற்கிறாள். அதையே அச்சடிக்கிற ஸ்க்ரீனில் ஏற்றினார்கள்.

கப்பு சின்னது, வளைவு அதிகம். முகம் பெரிசு. பிரச்சனை லாக்கரில்தான் வந்தது. அக்கா போன பிறகு முதலாளி விலை குறைவான எண்ணெய் வாங்கிவிட்டார். அக்கா இருக்கும்போதே ஒரு ஏஜெண்டு கொண்டுவந்து, அவள் சோதித்துப் பார்த்து வேண்டாம் என்ற அதே எண்ணெய். தாள் காய்வதற்குள்ளேயே அது காற்றோடு ஓடிப்போய்விடும். அதில் செல்வியக்கா அடித்து வைத்திருந்த தாளை நான் வளைத்தேன். எனக்கே அன்றைக்குச் சத்தம் கேட்டது.

"இதுல அடிச்சா மூஞ்சி குறுக்க வெடிச்சிடும் தம்பி" என்றாள் செல்வியக்கா. அப்புறம் அலமாரிக்கு அடியில் கையை விட்டு, மூடியில் அக்கா அடையாளம் போட்டிருந்த ஒரு டப்பாவை எடுத்தாள். "இது அவ கலக்குனது. அவ போன அந்த வாரம் கலக்குனது. அடியில கொஞ்சந்தான் இருக்குது. நல்லா இருக்குதா, கெட்டுப் போச்சான்னு எனக்குத் தெரியல. சோதிச்சிப் பாத்தா இதுவும் தீந்துடும்."

நான் வீட்டுக்கு ஓடினேன். சாமி படத்தைத் திருப்பினேன். பின்னால் ஒரு தாள் செருகியிருந்தது, மூலையில் அக்கா கையெழுத்தில் அந்த டப்பாவில் இருந்த அதே அடையாளம். அவள் செருகிவைத்து எடுக்க மறந்தது இல்லை, எடுக்க வராதது. அதை வளைத்தேன். கண்ணை மூடி, காதோரம் வைத்தேன். பக்கத்து வீட்டு மிக்சி, எங்கேயோ ரயில், வேறொன்றும் கேட்கவில்லை. சத்தமே இல்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை அக்கா.

டப்பாவில் இருந்தது ஒரு படத்துக்குத்தான் வந்தது. செல்வியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினாள். காய்ந்ததும் தண்ணீரில் போட்டோம். அக்கா தாளை விட்டு நழுவி மிதந்து வந்தாள். செல்வியக்கா அவளைக் கப்பில் வைத்து ரப்பரால் வழித்தாள். முகம் வளைவில் அப்படியே படிந்தது. நெற்றி, மூடிய கண், காது, காதோரத்துத் தாள். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

சூளையில் வைக்கும்போது எனக்குத் திரும்பவும் ஒருமுறை அவளை நெருப்பில் வைக்கிற மாதிரி இருந்தது. வெளியே போய் நின்றுகொண்டேன். "எண்ணெ எல்லாம் எரிஞ்சிடும், அது இருந்த அடையாளமே இருக்காது, இருந்தாத்தான் தப்பு" என்று அவள் சொன்னதுதான் காதில் ஓடியது. எங்கள் வீட்டில் அவள் இருந்த அடையாளம் இல்லாத இடம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

சூளை ஆறினதும் கப்பை எடுத்து, வேட்டியில் சுற்றிக்கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். அம்மா ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், தன் முகத்தை இல்லை, கப்பில் இருந்த முகத்தை.

"மூக்கு பெருசாத்தான் தெரியுது" என்றாள்.

கப்பின் வளைவு அப்படி. சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையானது, அன்றைக்குத்தான் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். பிறகு டீ போடச் சொன்னாள். நான் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் சாமி எந்தச் சாமியோ, அந்தச் சாமியிடம் எங்கள் அக்காவுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் பழமலைநாதர் கோயிலில் நின்று கேட்டதையே நீங்களும் கேளுங்கள். இங்கே எல்லோருக்கும் அவள் வளைந்து கொடுத்தாள். அங்கேயாவது அவளுக்காக ஒருத்தர் வளைந்து கொடுக்கட்டும். வலிக்கிறதென்றால் வலிக்கிறது என்று அவள் சொல்லட்டும், அதைக் கேட்க அவள் பக்கத்தில் ஒரு காது இருக்கட்டும். எல்லோரும் அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.